உறைபனியில் ஒரு வண்டி வீடு

நத்தைக்குத் தன் வீட்டைத் தானே சுமந்து செல்லும் வசதியை இயற்கை அளித்திருக்கிறது. அதைக் கண்டு மனிதன் பொறாமைப்பட்டானோ என்னவோ, சக்கரங்களின் மேல் ஒரு வீட்டைக் கட்டி அதற்கு எஞ்சினையும் பூட்டிவிட்டான். படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, விளக்கு எல்லாம் அடங்கிய அந்த ஊர்தியை மேல்நாட்டார் 'மோட்டார் ஹோம்' என்கிறார்கள். நாம் அதை வண்டி வீடு என்று அழைப்போம். படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நடிகர்களுக்காக நிறுத்தப்படும் 'கேரவன்' வண்டியைப் பார்த்தவர்களுக்கு இதன் தோற்றத்தை விளக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள ஃபாரஸ்ட் சிட்டி என்னும் சிற்றூரில் வின்னபேகோ நிறுவனம் 1966-இல் இவற்றைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கியது. அதுவரை வசதி படைத்த சிலருக்கே உரியதாக இருந்த வண்டி வீடு, அதன்பின் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டத் தொடங்கியது.

இவற்றுள் பெரும்பாலானவை கோடைக்காகச் செய்யப்பட்டவை. குளிர்காலம் வந்ததும் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வாழும் ஓய்வுபெற்ற முதியோர் பலர் வண்டியை எடுத்துக்கொண்டு அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடா என்று தெற்கே போய்விடுகிறார்கள். அவர்களுக்கு அங்கே 'பனிப்பறவைகள்' என்றே பெயர். வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளுக்கும் இவர்களுக்கும் நோக்கத்தில் வேறுபாடு அதிகம் இல்லை. ஆனால் எல்லோராலும் பறந்துவிட முடிவதில்லை. பிழைப்பு வடக்கே இருப்பவர்கள் இருக்கிறார்கள். வேறு வீடே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அந்தப் பெட்டிக்குள்ளேயே பனிக்காலத்தைக் கழிக்க வேண்டும். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் வில்லிஸ்டன் என்று ஓர் ஊர். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஏறக்குறைய 14,700. அப்பகுதியின் அடியில் உள்ள பாக்கன் என்னும் பாறை அடுக்கிலிருந்து எண்ணெய் எடுக்கும் புதிய முறைகள் கைகூடியதும் நாடெங்கிலுமிருந்து தொழிலாளர்கள் அங்கே குவிந்தார்கள். கை நிறையக் கூலி கிடைத்தது. குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. கிடைத்த வீட்டுக்கோ வாடகை வானத்தைத் தொட்டது. எனவே ஏராளமானோர் இழுவை வண்டிகளிலும் வண்டி வீடுகளிலும் குடியேறினார்கள். அந்த ஊரில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் வரை இறங்குவது புதுமையன்று. சில இரவுகளில் 30 பாகையையும் தாண்டும். கோடைச் சுற்றுலாவுக்குச் செய்த ஒரு தகரப் பெட்டியில், பகலெல்லாம் எண்ணெய்க் கிணற்றில் உழைத்த ஒருவன் அப்படிப்பட்ட இரவில் எப்படி உறங்கினான்? இயற்பியல் மாணவனாகிய எனக்கு இந்தக் கேள்வி சுவையாக இருந்தது. தேடிப் படிக்கப் படிக்க, நான் நினைத்திருந்த விடை பாதி தவறு என்று தெரிந்தது.

பெட்டியும் வெப்பமும்

முதலில் வெப்பம் எப்படி வெளியேறுகிறது என்று பார்ப்போம். வண்டி வீட்டின் சுவர் பெரும்பாலும் மூன்று நான்கு செண்டிமீட்டர் கனமே உடையது. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே நுரைப் பலகை வைத்து ஒட்டியிருப்பார்கள். நுரை நல்ல வெப்பக் காப்புப் பொருள்தான். ஆனால் அதற்கு இடையிடையே ஓடும் அலுமினியச் சட்டங்கள் வெப்பத்தை வெளியே கடத்தும் பாலங்களாக அமைந்துவிடுகின்றன. இரவில் உள்ளே சுவரைத் தடவிப் பார்த்தால் சட்டம் எங்கே ஓடுகிறது என்று கையே சொல்லிவிடும் என்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் உள்ள கண்ணாடி. பக்கச் சன்னல்களுக்கு நடுவில் காற்றை அடைத்த இரட்டை அக்ரிலிக் தகடுகளைப் பொருத்துகிறார்கள். முன் கண்ணாடிக்கு அந்த வசதி இல்லை, ஒற்றைக் கண்ணாடிதான். எனவே அதன்மேல் கனமான போர்வை போன்ற ஒரு திரையைக் கட்டுகிறார்கள். அந்தத் திரையை உள்ளே கட்டுவதைவிட வெளியே கட்டுவது மேல். வெளியே கட்டினால் கண்ணாடி உட்புறத்தின் வெப்பத்தோடு சேர்ந்துகொள்ளும். உள்ளே கட்டினால் கண்ணாடி வெளிக்குளிரோடு சேர்ந்துகொள்ளும். திரைக்குப் பின்னால் நீர் கோத்து, விடியற்காலையில் அது பனிக்கட்டியாகவே படிந்திருக்கும். ஒரே திரை, ஒரே கண்ணாடி. கட்டும் பக்கத்தால் இவ்வளவு வேறுபாடு!

அடுத்தது தரை. நம் வீட்டுத் தரைக்குக் கீழே மண் இருக்கிறது. வண்டி வீட்டுத் தரைக்குக் கீழே ஓடுவது காற்று. குளிர்காற்று அடியில் புகுந்து ஓட ஓடத் தரையின் வெப்பத்தையும், அங்கே தொங்கும் தண்ணீர்த் தொட்டிகளின் வெப்பத்தையும் வாரிக்கொண்டு போகும். வில்லிஸ்டனில் குடியிருந்தோர் வண்டியைச் சுற்றித் தரைவரைக்கும் நுரைப் பலகைகளை நிறுத்தி மறைத்தார்கள். சிலர் வைக்கோல் கட்டுகளை வரிசையாக அடுக்கினார்கள். வைக்கோலுக்குள் சிறைப்பட்ட காற்று அசையாது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளிப் போர்வையின் தத்துவமும் இதுதான்.

ஐரோப்பாவில் இவ்வண்டிகளுக்கு ஒரு தர நிர்ணயம் இருக்கிறது. வெளியே உறைநிலைக்குக் கீழ் 15 பாகை இருக்கும்போது உள்ளே 20 பாகை வெப்பம் எட்ட வேண்டும். தண்ணீர் அமைப்பும் உறையாமல் இயங்க வேண்டும். இரண்டிலும் தேறினால் அவ்வண்டி மூன்றாம் தரம். நம் தேர்வுகளுக்கு மாறாக, அங்கே மூன்றாம் தரம்தான் உயர்ந்தது!

எரிவாயு உருளையின் கணக்கு

பெட்டியை எவ்வளவு மூடினாலும் கணப்பு இல்லாமல் முடியாது. பெரும்பாலான வண்டிகளில் கணப்புக்கு எரிபொருள் நம் வீட்டு அடுப்பில் எரியும் அதே இனத்து வாயுதான். ஆனால் ஒரு நுட்பம் உண்டு. நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. புரொப்பேனின் கொதிநிலை உறைநிலைக்குக் கீழே 42 பாகை. பியூட்டேனின் கொதிநிலை உறைநிலைக்குக் கீழே அரைப் பாகைதான். உருளைக்குள் திரவமாக இருப்பது கொதித்து ஆவியானால்தான் குழாய் வழியே வரும். எனவே தண்ணீர் உறையும் குளிரில் பியூட்டேன் உருளைக்குள் திரவமாகவே படுத்திருக்கும். உருளை கனக்கும், அடுப்பு எரியாது. குளிர்நாடுகளில் ஏறக்குறைய தனிப் புரொப்பேனையே விற்பதன் காரணம் இதுதான்.

புரொப்பேனுக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. திரவம் ஆவியாக உள்ளுறை வெப்பம் வேண்டும். அதை உருளை சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. வெளியே கடுங்குளிர், உள்ளே கணப்பு விடாமல் எரிகிறது. உருளை மேலும் மேலும் குளிர்ந்து, வாயுவின் அழுத்தம் இறங்கிவிடும். இந்த நேரத்தில் உருளையைத் தீயால் சூடுபடுத்த நினைப்பவன் தன் சாவைத் தானே தேடிக்கொள்கிறான். அதற்கென்று செய்த மின்போர்வையைச் சுற்றுவதும், பெரிய உருளையை வாடகைக்கு எடுப்பதும்தான் அங்கே வழக்கம்.

ஓர் உருளை எத்தனை நேரம் வரும்? சாதாரணமாக அங்கே பயன்படும் சிறிய உருளையில் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ வாயு இருக்கும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 46 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஆக 9 கிலோவுக்கு 414 மெகாஜூல். நடுத்தர அளவுள்ள கணப்பு ஒன்று நொடிக்கு ஏறக்குறைய 8,800 ஜூல் வீதம் வாயுவைச் செலவிடும். வகுத்துப் பார்த்தால் விடை 13 மணி நேரம். கணப்பு விட்டுவிட்டு எரிவதால் இது ஒரு நாள், இரண்டு நாள் என்று நீளும். ஆயினும் கடுங்குளிரில் மாலை நிரப்பிய உருளை விடியற்காலையில் தீர்ந்துபோவது கதையன்று, கணக்கு. அது தீரும் நேரமோ பெரும்பாலும் இரவின் மிகக் குளிர்ந்த நேரமாக இருக்கும். அதனால்தான் இரண்டு உருளைகளை இணைத்து, ஒன்று தீர்ந்ததும் மற்றொன்று தானே திறந்துகொள்ளும் வால்வு வைக்கிறார்கள்.

ஈரம் எங்கிருந்து வந்தது?

இனி நான் தவறாக நினைத்திருந்த பாதிக்கு வருகிறேன். வண்டி வீட்டில் குளிர்காலத்தைக் கழித்தவர்கள் குளிரைக் காட்டிலும் அதிகமாக நொந்துகொள்வது ஈரத்தை. சன்னலில் நீர் வழிகிறது. மெத்தையைத் தூக்கினால் அடிப்புறம் நனைந்திருக்கிறது. அலமாரிக்குள் துணிகள் பூசணம் பூத்துவிடுகின்றன. வெளியே எல்லாம் கட்டியாக உறைந்து கிடக்க, உள்ளே மட்டும் ஈரம் எங்கிருந்து வந்தது?

ஈரப்பத அளவியலை நடத்தும்போது எங்கள் பேராசிரியர் ஒருமுறை ஒரு கேள்வி கேட்டார்: "மூடிய அறையில் கேஸ் அடுப்பை ஏற்றி வைத்தால் அறை உலருமா, நனையுமா?"

"உலரும் சார்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. அவர் ஒன்றும் பேசாமல் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதினார். ஒரு மூலக்கூறு புரொப்பேன் ஐந்து மூலக்கூறு ஆக்சிஜனோடு எரிந்தால் மூன்று மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடும் நான்கு மூலக்கூறு தண்ணீரும் உண்டாகும். எடையில் சொன்னால் 44 கிராம் வாயு 72 கிராம் தண்ணீரைத் தரும். ஒரு கிலோ எரித்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர்! "அடுப்பு என்பது நெருப்பு மட்டுமல்ல தம்பி, அது ஒரு நீரூற்றும்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அன்று அது வெறும் வேடிக்கையாகத்தான் தோன்றியது.

அடுப்பே இல்லாவிட்டாலும் மனிதனின் மூச்சு இருக்கிறது. இருவர் உறங்கினால் ஓர் இரவில் மூச்சும் வியர்வையுமாக ஏறக்குறைய அரை லிட்டர் நீர் காற்றில் கலக்கிறது. இப்போது வண்டியின் அளவை எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்றால் 24 கன மீட்டர் காற்று. 20 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 17 கிராம். மொத்தம் 408 கிராம். அதாவது, முற்றிலும் மூடிய வண்டியில் முழுக்க உலர்ந்த காற்றோடு படுத்தாலும், விடிவதற்குள் இருவர் மூச்சே அக்காற்றை நிரப்பிவிட்டு மிச்சமும் வைத்துவிடும்! நடைமுறையில் அவ்வளவு நேரம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 20 பாகையில் பாதி ஈரம் மட்டுமே உள்ள காற்றின் பனிநிலை சுமார் 9 பாகை. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். சன்னலின் சட்டம், மூலையில் உள்ள அலுமினியம், மெத்தையின் அடிப்புறம் எல்லாம் அந்த இனம்தான். மெத்தையைப் பலகைமேல் நேராகப் போடாமல் இடைவெளி விட்ட மரச்சட்டங்களின்மேல் போடுவதும், அலமாரிக் கதவைச் சற்றே திறந்து வைப்பதும், பனி ஒட்டிய காலணிகளை வாசலிலேயே கழற்றுவதும் இதனால்தான்.

இதற்கெல்லாம் உண்மையான மருந்து ஒன்றே. கூரையில் உள்ள காற்றுப் போக்கியைத் திறக்க வேண்டும்! உறைபனியில் நடுங்கிக்கொண்டிருப்பவனிடம் கூரையைத் திற என்றால் அவன் நம்மைத்தான் ஐயத்தோடு பார்ப்பான். ஆனால் கணக்கு திறக்கத்தான் சொல்கிறது. உறைநிலைக்குக் கீழ் 10 பாகையில் உள்ள காற்று எவ்வளவு நிறைந்திருந்தாலும் கன மீட்டருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல்தான் நீரைத் தாங்கும். அந்தக் காற்று உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடானால் அதன் ஒப்பு ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தாலும், உள்ளே வந்ததும் அது வறண்ட காற்று. அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கூரை வழியே வெளியேறும். வெப்பம் கொஞ்சம் வீணாகும். வாயுச் செலவு கூடும். ஆனால் நனைந்த மெத்தையில் படுத்தவனை எந்தக் கணப்பும் சூடாக்காது.

திறந்து வைக்க இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

குளிருக்குப் பயந்து எல்லா இடுக்குகளையும் துணியால் அடைத்துவிட்டு, வாயு மிச்சமாகட்டும் என்று சமையல் அடுப்பையே கணப்பாக எரித்துக்கொண்டு உறங்குபவர்கள் உண்டு. ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் முழுமை பெறாது; அப்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைப் போல இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இதைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று அறிகுறிகள் வரும். விழித்திருப்பவன் வெளியே ஓடலாம். உறங்குபவனுக்கு அறிகுறிகளே தெரியாது. முறையான கணப்பில் எரிகலம் தனியே மூடப்பட்டிருக்கும். அது வெளியிலிருந்து காற்றை எடுத்து, புகையை வெளியே தள்ளும். அதனால் அறைக்குள் ஈரமும் வராது, நஞ்சும் வராது. ஆனால் அதன் புகைவாயைக் கொட்டிய பனி அடைத்துவிட்டால் அதுவும் ஆபத்துதான். எனவே பனி பொழிந்த காலையில் வண்டி வீட்டுக்காரன் செய்யும் முதல் வேலை, மண்வெட்டியோடு போய்ப் புகைவாயைச் சுற்றிப் பனியை அகற்றுவது. படுக்கைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும், தரைக்கு அருகே எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவியும் வைக்கிறார்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது; கசிந்தால் தரையில் தேங்கும்.

இதை எங்கோ அமெரிக்காவில் நடக்கும் செய்தி என்று ஒதுக்க மனம் வரவில்லை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டுக் கதவையும் சன்னலையும் மூடிப் படுத்தவர்கள் மறுநாள் எழுந்திருக்காத செய்திகளை நாமே நாளிதழ்களில் படித்திருக்கிறோம். சுற்றுலாவுக்குப் போகும் நம் மாணவ நண்பர்கள் கரியடுப்பு கேட்டால், அதை அறைக்கு வெளியே வைத்துக் குளிர்காயட்டும். உள்ளே கொண்டுபோக வேண்டாம்.

குழாயும் தொட்டியும்

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகும். குழாய்க்குள் அதற்கு இடம் இல்லை. எனவே குழாயோ இணைப்போ வெடிக்கும். இக்காலத்துப் பிளாஸ்டிக் குழாய் ஓரளவு வளைந்து கொடுக்கிறது. அதன் இணைப்புகள்தான் முதலில் விரிசல் விடுகின்றன. நல்ல குளிர்கால வண்டியில் தண்ணீர்த் தொட்டியும் குழாய்களும் வெதுவெதுப்பான தரைக்குள்ளேயே அடங்கியிருக்கும். மற்ற வண்டிகளில் குழாயைச் சுற்றி மின்சூட்டு நாடாவைக் கட்டுகிறார்கள். கழிவுநீர்த் தொட்டியின் வால்வைத் திறந்தே விட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று புதியவர்கள் நினைப்பார்கள். சொட்டுச் சொட்டாகப் போகும் நீர் வழியிலேயே உறைந்து, மூன்றாம் நாள் குழாய் முழுவதும் பனிக்கட்டித் தூணாகிவிடும். வால்வை மூடி வைத்து, தொட்டி நிறைந்ததும் ஒரே வீச்சில் திறந்துவிடுவதே முறை. வண்டியில் யாரும் தங்காத நாள்களில் குழாய்களை முழுக்க வடித்து, புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த உறையாத் திரவத்தை ஊற்றி வைக்கிறார்கள். எஞ்சினில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. குடிநீர்க் குழாய்க்கு அது ஆகாது.

பாட்டரியும் குளிரில் சோம்பிப்போகிறது. ஈய அமிலப் பாட்டரி முழு மின்னேற்றத்தோடு இருந்தால் எந்தக் குளிரையும் தாங்கும். மின்னிறங்கிக் கிடந்தால் அதன் அமிலம் வெறும் தண்ணீரை நெருங்கிவிடுவதால் உறைந்து வெடிக்கும். இப்போது பரவியுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிக்கு வேறொரு பத்தியம்: உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது. ஆகவே அதை மனிதனோடு சேர்த்து உள்ளறையிலேயே வைக்கிறார்கள். டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். அதற்கென்று குளிர்காலக் கலவை தனியே விற்கிறது. வட டகோட்டாவிலும் கனடாவிலும் பல கார்களின் முகப்பில் ஒரு மின்கம்பிச் செருகி தொங்குவதைக் காணலாம். மின்சாரக் கார் என்று எண்ணிவிடக் கூடாது. இரவில் எஞ்சினை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் சூடேற்றியின் செருகி அது. கைத் தடையை இழுத்து நிறுத்தினால் அது உறைந்து பிடித்துக்கொள்ளும் என்று, வண்டியைக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துகிறார்கள்.

2014-ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை சரிந்தது. வில்லிஸ்டனில் வேலைகள் குறைந்தன. வந்தவர்களில் பலர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லோரும் போகவில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்வூரின் மக்கள்தொகை 29,000-ஐத் தாண்டியிருந்தது. இதற்குள் அடுக்கு வீடுகள் பல எழுந்துவிட்டன.

இன்றும் வண்டிக்குள் பனிக்காலத்தைக் கழிப்பவர்களுக்கு ஏப்ரலில் ஒரு வேலை காத்திருக்கிறது. வண்டியைச் சுற்றி நிறுத்திய பலகைகளைப் பிரித்து எடுத்தபின், பம்பை இயக்கிக் குழாய்களில் நீரை ஏற்றுகிறார்கள். பிறகு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, பம்பு மறுபடி தானாக ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஓடினால் எங்கோ ஓர் இணைப்பு ஒழுகுகிறது என்று பொருள். ஜனவரியில் உறைந்த நாளன்றே அது விரிசல் கண்டிருக்கும். அதுவரை பனிக்கட்டியே அதை அடைத்துக்கொண்டிருந்தது.